120 பேரும் பதில் சொன்னார்களா?

மார்ச் பிறந்துவிட்டால் நெய்வேலி வட்டாரத்து ஜெராக்ஸ் கடைகளில் ஒரே கூட்டம். கடைசி செமஸ்டர் பி.காம்., பி.பி.ஏ., எம்.பி.ஏ. பிள்ளைகள் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு பைண்டிங்குக்குக் காத்திருப்பார்கள். ரெக்சின் அட்டை, அதன்மேல் தங்க நிற எழுத்து, உள்ளே ஐந்து அத்தியாயம். அட்டையில் அடிக்கடி கண்ணில் படுகிற பெயர் எங்கள் ஊர் நிறுவனம்தான். ‘என்.எல்.சி.யில் தொழிலாளர் நலத்திட்டங்கள் – ஓர் ஆய்வு’, ‘ஊழியர்களின் பணித் திருப்தி’, ‘நடைமுறை மூலதன நிர்வாகம்’... இப்படி.

அதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை. 1956-ல் தொடங்கிய நிறுவனம். பழுப்பு நிலக்கரி வெட்டி, மின்சாரம் எடுத்து, பல மாநிலங்களுக்குக் கொடுக்கிறது. பிள்ளை சிதம்பரத்தில் படித்தாலும், விருத்தாசலத்தில் படித்தாலும், கடலூரில் படித்தாலும், “ஒரு பெரிய கம்பெனியைப் பற்றி எழுதிக்கொண்டு வா” என்று சொன்னால் பஸ் ஏறி வந்து சேருகிற இடம் நெய்வேலி.

இந்த ரிப்போர்ட்களை எழுதுவது யார் என்பதுதான் இந்த வாரப் பேச்சு.

‘ஏ.ஐ. வந்து பிள்ளைகளைக் கெடுத்துவிட்டது’ என்று ஆரம்பிப்பது சுலபம். ஆனால் 2022 நவம்பர் 30-ம் தேதி சாட்ஜிபிடி வெளியாவதற்கு முன்னால் எல்லோரும் சொந்தமாகவா எழுதிக்கொண்டிருந்தார்கள்? சீனியர் அண்ணன் பென் டிரைவில் கொடுத்த ஃபைல், டி.டி.பி. சென்டரில் காசுக்குக் கிடைத்த ரிப்போர்ட், வருடத்தையும் பெயரையும் மட்டும் மாற்றிய முன்னுரை... எந்த ஊர், எந்தக் கல்லூரி என்றில்லை, தமிழ்நாடு முழுக்க இது ஊரறிந்த ரகசியம். கடைசி அத்தியாயத்தில் வரும் ‘பரிந்துரைகள்’ பகுதியைப் பாருங்கள். “கேன்டீன் உணவின் தரத்தை உயர்த்தலாம், ஊழியர்களுக்குக் கூடுதல் பயிற்சி அளிக்கலாம்.” நம்ம பிள்ளைகள் எத்தனையோ கம்பெனிகளுக்கு வருடாவருடம் கொடுக்கிற அறிவுரை இது. எந்தக் கேன்டீன்காரரும் படித்ததாகத் தெரியவில்லை.

இப்போது அந்த வேலையை போனே செய்துவிடுகிறது. அதுவும் இலவசமாக. 2025 ஜூலையில் ஏர்டெல் தன் வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் பெர்ப்ளெக்சிட்டி ப்ரோவை ஒரு வருடம் சும்மா கொடுத்தது. அதே மாதம் கூகுள், இந்தியக் கல்லூரி மாணவர்களுக்கு ஜெமினியின் காசு கட்டிப் பெற வேண்டிய திட்டத்தை ஒரு வருடம் இலவசம் என்றது. நவம்பரில் சாட்ஜிபிடி கோவும் இந்தியாவில் ஒரு வருடம் இலவசம்.

வணிகவியல் படிக்கிற பிள்ளைகளுக்கு இந்தத் தந்திரம் புதிதாக இருக்கக் கூடாது. நம்ம கடலூர்க்காரர் சி.கே.ரங்கநாதனின் சிக் ஷாம்பூ கதையை மார்க்கெட்டிங் வகுப்பில் கேட்டிருப்பார்கள். எந்தக் கம்பெனி ஷாம்பூவாக இருந்தாலும் 5 காலி சாஷே கொண்டு வந்தால் ஒரு சிக் சாஷே இலவசம் என்று முதலில் கொடுத்தார். ஜனங்களுக்குப் பழகியதும், சிக் காலி சாஷே கொண்டு வந்தால்தான் இலவசம் என்று மாற்றினார். முதலில் கையில் பழக்கு, அப்புறம் கணக்கைப் பார். ஏ.ஐ. கம்பெனிகள் இப்போது காலி சாஷே வாங்குகிற கட்டத்தில் இருக்கின்றன. இதையே ஒரு பிள்ளை ப்ராஜெக்ட்டாகச் செய்தால் நான் சந்தோஷமாகப் படிப்பேன்.

சரி, பிள்ளைகள் என்ன நினைக்கிறார்கள்? தெரிந்த பிள்ளைகள் சிலரிடம் கேட்டுப் பார்த்தேன். பெயர் போட வேண்டாம் என்று எல்லோருமே சொன்னார்கள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமை.

மந்தாரக்குப்பம் பக்கத்துக் கிராமத்துப் பெண் ஒருத்தி, வீட்டில் முதல் பட்டதாரி. “பன்னிரண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம்க்கா. காலேஜ்ல ரிப்போர்ட்டை இங்கிலீஷ்லதான் கேக்கறாங்க. எனக்கு விஷயம் தெரியும், வாக்கியம் வராது. தமிழ்ல சொன்னா அது இங்கிலீஷாக்கிக் கொடுக்குது. டவுன்ஷிப் பசங்களுக்கு வீட்லயே இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கு. எனக்கு இதுதான் ஆள். இது தப்பாக்கா?”

இல்லை. எனக்குத் தப்பாகத் தோன்றவில்லை. கணக்கியல் தெரிந்த பிள்ளையை ஆங்கிலம் மடக்கிப் போடுவதை எத்தனையோ வருடமாகப் பார்க்கிறோம். அந்தச் சுவரில் ஒரு ஏணி சாய்த்திருக்கிறார்கள், அவள் ஏறுகிறாள். ஆனாலும் அவளுக்குள் ஒரு குறுகுறுப்பு இருக்கிறது. கெய்டிடம் சொல்லலாமா, சொன்னால் மார்க் போய்விடுமா என்ற பயம். ஒளித்து வைக்க வேண்டியிருப்பதாலேயே தப்பு செய்கிற மாதிரி ஆகிவிடுகிறது.

டவுன்ஷிப் வட்டம் ஒன்றில் இருக்கும் பையன் வேறு மாதிரி பேசினான். குறுகுறுப்பெல்லாம் கிடையாது. “யாரும் படிக்கப் போறதில்ல ஆன்ட்டி. முதல் பக்கம், கடைசிப் பக்கம், ஒரு கையெழுத்து. யாரும் படிக்காத ஒண்ணை நான் எதுக்கு ராத்திரி கண்ணு முழிச்சு எழுதணும்? அந்த நேரத்துல வங்கிப் பரீட்சைக்குப் படிப்பேன்.” கெட்ட பையன் இல்லை. ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் போடலாம் என்று கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறான். நாம்தானே நிர்வாகவியல் படிக்க அனுப்பினோம்?

மூன்றாவதாகப் பேசிய பெண்தான் என்னைத் தூங்கவிடவில்லை. ஒப்பந்தத் தொழிலாளர்களின் சேமிப்புப் பழக்கம் பற்றி அவள் ப்ராஜெக்ட். அப்பாவும் ஒப்பந்தத் தொழிலாளிதான். ஷிப்ட் விட்டு வருகிறவர்களை டீக்கடையிலும் பஸ் நிறுத்தத்திலும் பிடித்து, ஒவ்வொருவராகக் கேட்டு எழுதியிருக்கிறாள். பாதிப் பேர் “வேற வேலை இல்லியா பாப்பா?” என்று போய்விட்டார்கள். சிலர் சீட்டுக் கட்டி ஏமாந்த கதையை அரை மணி நேரம் சொன்னார்கள். 120 பேர் என்று திட்டம். முடிந்தது 80. வகுப்பில் இன்னொருத்தர் 120 பேரையும் ஒரே ராத்திரியில் முடித்துவிட்டார், போனிலேயே. “எனக்கும் அவருக்கும் ஒரே மார்க்கு. என்னோட டேபிள்ல கோடு கோணலா இருந்ததுன்னு சொன்னாங்க.”

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இப்படிப்பட்ட ப்ராஜெக்ட்களின் இதயம் நான்காவது அத்தியாயம். ஒரு வினாத்தாள் தயாரிப்பார்கள். ‘மிகவும் திருப்தி, திருப்தி, கருத்து இல்லை, அதிருப்தி, மிகவும் அதிருப்தி’ என்று ஐந்து கட்டம். அதை நூறு, நூற்றிருபது பேரிடம் கொடுத்து டிக் வாங்கி, சதவீதம் போட்டு, கை-ஸ்கொயர் டெஸ்ட் பார்த்து, அட்டவணையாக்க வேண்டும். அந்தக் காலத்தில் ஹாஸ்டலில் நாலு பேர் உட்கார்ந்து, பேனாவை மாற்றி மாற்றி, தாங்களே டிக் அடித்த கதைகள் உண்டு. அதற்குக்கூட ஒரு சாயங்காலம் செலவாகும். ஏ.ஐ.யிடம் ‘120 ஊழியர்களின் பதிலைத் தயார் செய்து, அட்டவணையும் விளக்கமும் கொடு’ என்றால் டீ ஆறுவதற்குள் வந்துவிடுகிறது. வயது, சம்பளம், சர்வீஸ் எல்லாம் பிசிறில்லாமல். கூட்டினால் சரியாக 100 சதவீதம்.

அந்த 120 பேரில் ஒருவர்கூட “வேற வேலை இல்லியா பாப்பா?” என்று கேட்க மாட்டார். சீட்டில் ஏமாந்தவர் இருக்க மாட்டார். முக்கால்வாசிப் பேர் திருப்தியாக இருப்பார்கள். யாரும் இல்லாத சுரங்கத்தில் யாரும் இல்லாத தொழிலாளிகள் திருப்தியாக இருப்பதில் என்ன கஷ்டம்?

வாக்கியத்தை அழகாக்க உதவி வாங்குவதையும் ஆளையே உண்டாக்குவதையும் ஒரே தட்டில் வைத்து ‘ஏ.ஐ. பயன்படுத்தினார்கள்’ என்று பேசுவதுதான் குழப்பத்துக்கே காரணம் என்று நினைக்கிறேன். முதலாவது உதவி. இரண்டாவது பொய்க் கணக்கு. வணிகவியல் படிக்கிற பிள்ளைக்குப் பொய்க் கணக்கு எழுதுவதைவிடப் பெரிய தப்பு எது?

பெரிய ஆட்களே இதில் சறுக்கியிருக்கிறார்கள். டெலாய்ட் என்ற உலகப் புகழ்பெற்ற ஆலோசனை நிறுவனம் ஆஸ்திரேலிய அரசுக்காக ஓர் அறிக்கை தயாரித்தது. கட்டணம் சுமார் 4,40,000 ஆஸ்திரேலிய டாலர். 2025-ல் அது வெளியான பிறகு சிட்னி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓர் ஆய்வாளர் படித்துப் பார்த்தால், இல்லாத ஆய்வுக் கட்டுரைகளை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். ஒரு நீதிமன்றத் தீர்ப்பில் இல்லாத வாசகம்கூட இருந்தது. திருத்திய பதிப்பில், ஏ.ஐ. பயன்படுத்தியதைச் சேர்த்து எழுதினார்கள். அக்டோபரில் கட்டணத்தின் ஒரு பகுதியைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டார்கள். எம்.பி.ஏ. முடித்த பிள்ளைகள் கனவு காணுகிற வேலை அது. அங்கேயும் கடைசியில் ஒரு மனிதர் உட்கார்ந்து படித்ததால்தான் குட்டு உடைந்தது.

ஏ.ஐ.க்கு விஷயம் தெரியாது என்று சொல்ல வரவில்லை. புத்தக அறிவில் நம்மைவிட கெட்டி. ஆனால் நெய்வேலிப் பிள்ளைக்குக் கண்ணெதிரே இருப்பது அதற்கு இல்லை. ஒரு உதாரணம் சொல்கிறேன். கணக்குப் பிடிக்காதவர்களும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நெய்வேலியில் முதல் சுரங்கம் வெட்ட ஆரம்பித்தது 1957 மே மாதம். பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது 1961 ஆகஸ்டில். நான்கு வருடத்துக்கு மேல் வெறும் மண்ணைத்தான் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் செலவு முதலீடு, சரி. ஆனால் சுரங்கம் ஓட ஆரம்பித்த பிறகும் ராட்சதச் சக்கர இயந்திரங்கள் நாள்தோறும் மேல்மண்ணை எடுத்துக்கொண்டேதான் இருக்கின்றன. இன்று எடுக்கிற மண்ணுக்குக் கீழே இருக்கிற கரி அடுத்த வருடம்தான் வரும் என்று வையுங்கள். இன்றைய டீசல், கரன்ட், சம்பளம் எல்லாம் இந்த வருடச் செலவா, வரப்போகிற கரிக்கான சொத்தா? இந்தியக் கணக்கியல் தரநிலை 16-ன் பின்னிணைப்பு ‘பி’ முழுக்க இந்த ஒரு கேள்விக்காகவே எழுதப்பட்டது. இன்றைய கரிக்கான பங்கைக் கையிருப்புச் சரக்கின் விலையில் சேர். நாளைய கரிக்கு வழி திறக்கிற பங்கைச் சொத்தாக வைத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கழி.

இதை ஏ.ஐ.யும் அழகாகச் சொல்லும். ஆனால் மூன்றாம் வருடப் பெண்ணிடம் வைவாவில் “உங்க ஊர் மண்மேட்டைப் பார்த்திருக்கியாம்மா? அதுக்கான செலவு பேலன்ஸ் ஷீட்ல எங்க இருக்கு, காட்டு” என்று கேட்டால், சொந்தமாகப் படித்தவள் ஆண்டறிக்கையைத் திறந்து பக்கத்தைத் தேடுவாள். மற்றவர்கள் விட்டத்தைப் பார்ப்பார்கள். கேள்வியைத் தமிழில் கேட்டால் இன்னும் நல்லது. ஆங்கிலம் வராதவள் யார், விஷயம் தெரியாதவன் யார் என்று இரண்டு நிமிடத்தில் பிரிந்துவிடும்.

இன்னொன்று. யோசிக்காமல் கேட்டால் அதுவும் யோசிக்காமல் எழுதும். ‘நிறுவனத்தின் மார்க்கெட்டிங்குக்குப் பரிந்துரை’ என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். சமூக ஊடகத்தில் விளம்பரம் செய்யலாம், வாடிக்கையாளருக்குத் தள்ளுபடி தரலாம் என்று வரிசையாக எழுத வாய்ப்பு அதிகம். என்.எல்.சி.யின் வாடிக்கையாளர்கள் மாநில மின்வாரியங்கள்! மின்சார விலையை ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்கிறது. ஆடித் தள்ளுபடியா போட முடியும்? இதை அப்படியே பைண்டிங் செய்துகொண்டு போனால், ஷிப்ட் முடிந்து வந்த அப்பாவே சிரித்துவிடுவார்.

இதெல்லாம் இங்கே மட்டும் நடக்கிற கூத்து இல்லை. பிரிட்டனில் உயர்கல்விக் கொள்கை நிறுவனம் வருடாவருடம் மாணவர்களிடம் கேட்கிறது. மார்க்குக்காக ஒப்படைக்கிற வேலைகளில் ஏ.ஐ.யைப் பயன்படுத்தியவர்கள் 2024-ல் 53 சதவீதம், 2025-ல் 88 சதவீதம். ஒரே வருடத்தில்! அதனால் ‘தடை செய்துவிடுவோம்’ என்ற பேச்சு எடுபடாது.

கண்டுபிடித்துவிடுவோம் என்பதும் நடக்கிற காரியமில்லை. ‘இது ஏ.ஐ. எழுதியதா?’ என்று கண்டுபிடிக்க ஒரு கருவியை சாட்ஜிபிடி கம்பெனியே வெளியிட்டது. சரியாக வேலை செய்யவில்லை என்று 2023 ஜூலையில் அதுவே விலக்கிக்கொண்டது. அதே வருடம் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட 7 கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் எழுதிய 91 டோஃபல் கட்டுரைகளைக் கொடுத்தால், சராசரியாகப் பாதிக்கும் மேலானவற்றை ‘இயந்திரம் எழுதியது’ என்று அந்தக் கருவிகள் தப்பாகச் சொல்லின. எளிய சொல், நேரான வாக்கியம், அதுதான் காரணம். நம்ம மந்தாரக்குப்பம் பெண் சொந்தமாக எழுதினாலும் மாட்டிக்கொள்வாள் என்று அர்த்தம்.

நம்மிடம் 2018-ம் வருட யு.ஜி.சி. விதிமுறை இருக்கிறது. ஆய்வேட்டில் 10 சதவீதம் வரை ஒற்றுமை இருந்தால் பரவாயில்லை, 60-க்கு மேல் போனால் பதிவே ரத்து. ஆனால் அது ஒருவர் எழுதியதை இன்னொருவர் காப்பியடிக்கிற காலத்துக்கான விதி. ஏ.ஐ. ஒவ்வொரு முறையும் புதுசாக எழுதுகிறது. இல்லாத 120 பேரை வைத்து எழுதிய ரிப்போர்ட் அந்தச் சோதனையில் ஜம்மென்று பாஸாகும். சீனியர் ரிப்போர்ட்டிலிருந்து நாலு பக்கம் எடுத்த பிள்ளை மாட்டும்.

ஆசிரியர்கள் பக்கமும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் வணிகப் பிரிவில் படித்த மாணவி ஒருவர், தன் பேராசிரியர் கொடுத்த பாடக் குறிப்புகளில் சாட்ஜிபிடிக்கு இட்ட கட்டளை அப்படியே ஒட்டிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்தார். அந்தப் பாடத்துக்குக் கட்டிய சுமார் 8,000 டாலரைத் திருப்பிக் கேட்டுப் புகார் கொடுத்தார். பல்கலைக்கழகம் தர மறுத்துவிட்டது. 2025-ல் இது பெரிய செய்தியானது. ‘நாங்கள் செய்தால் தப்பு, நீங்கள் செய்தால் சரியா?’ என்பது நியாயமான கேள்விதான். அதே சமயம், ஒரு கெய்டின் மேசையில் குவிகிற ரிப்போர்ட் கட்டைப் பார்த்தவர்களுக்கு டவுன்ஷிப் பையனின் ‘யாரும் படிக்கப் போறதில்ல’ ஏன் நிஜமாகிறது என்று புரியும். ஒவ்வொன்றும் எழுபது, எண்பது பக்கம். தெய்வமே வந்தாலும் முழுசாகப் படிக்காது.

அதனால் என் யோசனை சின்னது. எண்பது பக்கம் வேண்டாம், இருபது போதும். கம்பெனி வரலாறு, மற்றவர்கள் செய்த ஆய்வு என்று இணையத்தில் கிடைப்பதையெல்லாம் பிள்ளை மறுபடி எழுத வேண்டியதில்லை. அதற்குப் பதிலாக, நிரப்பிய வினாத்தாள்களைக் கட்டாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். கசங்கியிருந்தாலும், டீக்கறை இருந்தாலும் சரி. 120 வேண்டாம், 30 பேர் போதும், ஆனால் நிஜ ஆட்கள். கேட்டபோது என்ன நடந்தது, யார் மறுத்தார்கள், ஏன் மறுத்தார்கள் என்று இரண்டு பக்கம். ‘இந்த இடத்தில் ஏ.ஐ. உதவி வாங்கினேன்’ என்று வெளிப்படையாக ஒரு பக்கம், அதற்கு மார்க் குறைக்கக் கூடாது. பிறகு பத்து நிமிடம் வைவா.

வீட்டில் இருக்கிறவர்களும் செய்ய ஒன்று உண்டு. பிள்ளை ‘தொழிலாளர் நலத்திட்டங்கள்’ என்று தலைப்பு எடுத்திருக்கிறதா? முதல் வினாத்தாளை அப்பாவிடமோ, பக்கத்து வீட்டு சித்தப்பாவிடமோ நிரப்பச் சொல்லுங்கள். “கருத்து இல்லைன்னு ஒரு கட்டம் போட்டிருக்கியே, எனக்கு நிறையக் கருத்து இருக்கு, எங்க எழுதறது?” என்பார்கள். அங்கேயே வினாத்தாளைத் திருத்த வேண்டியிருக்கும்.

ஒப்பந்தத் தொழிலாளர்களிடம் கேட்டு எழுதிய அந்தப் பெண்ணிடம், “அந்த 80 தாளும் இருக்கா?” என்று கேட்டேன். இருக்கிறதாம். ஒரு மஞ்சப்பையில் போட்டு பீரோ மேல் வைத்திருக்கிறாள். வைவாவுக்கும் எடுத்துப் போயிருக்கிறாள். யாரும் கேட்கவில்லை.